வயதான பெட்டைக்கோழியை எப்போது மாற்றுவது?

நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணையில் ஒரு கோழியின் காலம் வாரக்கணக்கில் தீர்மானிக்கப்பட்டது. 19, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். 30 வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும். 72 வாரத்தில் கூண்டு காலியாகும் என்பது நெடுநாள் கணக்கு; இப்போதைய வீரிய இனங்களை 80 வாரத்தைத் தாண்டியும் வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் வந்ததும் முழுக் கொட்டகையும் லாரி ஏறிவிடும். எந்தக் கோழி எத்தனை இட்டது என்று அங்கே யாரும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது.

வீட்டுக் கொல்லையில் எட்டுப் பத்துக் கோழி வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. ஆனால் பயிற்சி வகுப்புகளிலும் கையேடுகளிலும் பெரும்பாலும் இதுதான் சொல்லப்படுகிறது: ஒன்றரை வயதானால் விற்றுவிடு, இரண்டு வயதுக்கு மேல் தீனி நஷ்டம். இதைக் கேட்டு நல்ல தாய்க்கோழிகளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பருவத்துக்கு அடைவைக்கக் கோழி இல்லாமல் நிற்கும் வீடுகள் உண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு. ஆறு மாதமாக முட்டையிடாத கோழிகள் நான்கைந்து கூடையில் அடைந்து, மற்றவற்றின் தீனியைத் தின்றுகொண்டிருக்கும். பாவம் பார்த்து யாரும் தொடமாட்டார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புறக்கடைக் கோழிகள் மட்டும் ஏறத்தாழ 31.7 கோடி. 2012இல் இருந்ததைவிட இது 46 சதவீதம் அதிகம். மொத்தக் கோழி எண்ணிக்கையில் தமிழ்நாடு, 12 கோடிக்கு மேல் வைத்து, முதலிடத்தில் இருக்கிறது. கிராமத்தில் கொல்லைக் கோழி பெரும்பாலும் பெண்களின் சொத்து. முட்டை விற்ற காசு அவர்களுடைய சிறுவாட்டுப் பணம். எந்தக் கோழியை வைப்பது, எதைக் கழிப்பது என்ற முடிவில் அந்தப் பணம் கூடும் அல்லது குறையும்.

என் கருத்தில் வயது மூன்றாவது கேள்விதான். அந்தக் கோழிக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை என்ன என்பது முதல் கேள்வி. அதன் தீனி எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாவது. இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு வயதைக் கேட்டால் போதும்.

வயது என்ன செய்கிறது

ஒரு கோழிக்குள் இத்தனை முட்டைதான் என்று எண்ணி வைத்திருக்கிறது, அது தீர்ந்தால் முடிந்தது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. குஞ்சு பொரிக்கும்போதே அதன் இடது சூலகத்தில் ஆயிரக்கணக்கான நுண்கருக்கள் இருக்கின்றன. வாழ்நாளில் அது இடுவது சில நூறு மட்டும். குறைவது கருக்களின் எண்ணிக்கை அல்ல, அவை முற்றி வெளிவரும் வேகம். இளங்கோழியில் ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும், அடுத்த கரு தயாராகக் காத்திருக்கும். வயதாக ஆக அந்த வரிசையில் இடைவெளி விழுகிறது. இரண்டு நாளுக்கு ஒன்று, மூன்று நாளுக்கு ஒன்று என்று தள்ளிப்போகிறது. மஞ்சள் கரு மட்டும் பெரிதாகும். அதனால்தான் கிழட்டுக் கோழியின் முட்டை எண்ணிக்கையில் குறைந்தாலும் உருவத்தில் பெரிதாக இருக்கிறது.

ஓடு மெலிவதற்கும் காரணம் இதுதான். ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் வேண்டும். முட்டை பெரிதானாலும் ஓட்டுக்குக் கிடைக்கும் சுண்ணாம்பு அதே அளவுதான். வயதான குடல் அதை உறிஞ்சுவதும் குறைகிறது. கையில் எடுத்தாலே நொறுங்கும் முட்டை, தோல் முட்டை, மணல் பூசியதுபோல் சொரசொரப்பான முட்டை எல்லாம் அடிக்கடி வர ஆரம்பித்தால் முதலில் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் தேறினால் அது தீனிக் குறை. தேறாவிட்டால் வயது.

எண்ணிக்கை எவ்வளவு குறையும்? முட்டை இனங்களில் முதல் ஆண்டை 100 என்று கொண்டால் இரண்டாம் ஆண்டு சுமார் 80, மூன்றாம் ஆண்டு 65 என்பது பொதுவான அளவு. இது சராசரி. ஒரே நாளில் பொரித்த இரண்டு கோழிகளுக்குள் இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். நாட்டுக்கோழியில் இந்தச் சரிவு இன்னும் மெதுவாகத்தான் தெரியும், ஏனென்றால் அது முதல் ஆண்டிலும் ஓடி ஓடி இடுவதில்லை.

வயது என்று தவறாக நினைப்பவை

முட்டை நின்றதும் கோழிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. முதலாவது இறகு உதிர்ப்பு. ஆண்டுக்கு ஒருமுறை தலையில் தொடங்கி கழுத்து, மார்பு, முதுகு, இறக்கை, வால் என்று கோழி இறகை உதிர்த்துப் புதுப்பிக்கும். அந்த எட்டு முதல் பன்னிரண்டு வாரமும் முட்டை இருக்காது, இருக்கவும் கூடாது. இறகு முழுக்கப் புரதம், உடம்பு அதற்கே செலவாகும். அலங்கோலமாக, கழுத்து வழுக்கையாகத் திரியும் இந்தக் கோழியைத்தான் பலர் கிழடு என்று வியாபாரியிடம் கொடுக்கிறார்கள். நல்ல முட்டைக்கோழி தாமதமாக உதிர்க்கும், உதிர்த்தால் ஒரே மூச்சில் உதிர்த்து விரைவில் எழுந்துவிடும். இறக்கையின் பெரிய இறகுகளை ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் உதிர்க்கும் கோழிதான் சோம்பேறி. ஆக, மிக மோசமாகத் தெரியும் கோழி கூட்டத்திலேயே சிறந்ததாக இருக்கலாம். இறகு உதிரும் நாளில் எந்தக் கோழியையும் விற்காதீர்கள். கொஞ்சம் கருவாட்டுத் தூளோ கடலைப் பிண்ணாக்கோ சேர்த்துக் கொடுத்துக் காத்திருங்கள்.

அடுத்தது வெயில். வெளிநாட்டுக் கையேடுகளைப் படிப்பவர்கள் குளிர்காலத்தில் விளக்குப் போடச் சொல்வதைப் பார்த்திருப்பார்கள். முட்டைக்கு ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் உகந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்த நாடுகளில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம்தான். நமக்கு மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் சென்னையில்கூட ஒன்றரை மணி நேர வித்தியாசம் மட்டுமே. இங்கே முட்டையை நிறுத்துவது சித்திரை வைகாசி வெயில். 35 டிகிரியைத் தாண்டினால் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தீனியைக் குறைக்கும், முட்டை சிறுக்கும், நிற்கும். ஆடிக் காற்று வந்ததும் தொடரும். கோடையில் எடுத்த முடிவு பாதிக்குப் பாதி தவறாக இருக்கும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செள்ளுப் பூச்சி இரவில் இரத்தம் உறிஞ்சினால் கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். குடற்புழு இருந்தாலும் அப்படியே. வைக்கோற்போரிலோ வேலி ஓரத்திலோ ஒளித்து இடும் கோழி உண்டு; இரண்டு நாள் காலை பத்து மணி வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் உண்மை தெரியும். முட்டையைக் கொத்திக் குடிக்கும் கோழி ஒன்று இருந்தால் பழி எல்லாக் கோழிக்கும் போகும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

கணக்குப் புத்தகம் இல்லாத வீட்டில் கோழியின் உடம்பே கணக்குப் புத்தகம். அடைந்த பிறகு, இருட்டியதும் எடுத்தால் கோழி படபடக்காது. இடது கையில் மார்பைத் தாங்கி, தலை உங்கள் முழங்கைப் பக்கம் இருக்கும்படி இடுக்கிக்கொள்ளுங்கள். வாலுக்குக் கீழே எச்சத் துளையின் இருபுறமும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். முட்டையிடும் கோழிக்கு அவற்றுக்கு இடையே இரண்டு விரல், சில கோழிக்கு மூன்று விரல் நுழையும்; முனைகள் வளைந்து கொடுக்கும். நிறுத்திவிட்ட கோழிக்கு ஒரு விரல்கூடத் தடுமாறும், எலும்பு விறைப்பாக இருக்கும். அங்கிருந்து நெஞ்செலும்பின் நுனி வரை அளந்தால் இடும் கோழிக்கு மூன்று நான்கு விரற்கடை, அடிவயிறு மெத்தென்று இருக்கும். சிறுவிடைக் கோழிக்கு இந்த அளவுகளில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எச்சத் துளையைப் பாருங்கள். அகன்று, ஈரமாக, வெளுத்திருந்தால் வேலை நடக்கிறது. சுருங்கி, உலர்ந்து, வட்டமாக இருந்தால் நின்றிருக்கிறது. கொண்டையும் தாடியும் சிவந்து தடித்திருக்கின்றனவா, சுருங்கிச் செதில் படிந்திருக்கின்றனவா என்பது பகலில் தெரியும்.

மஞ்சள் காலும் மஞ்சள் அலகும் உள்ள கோழியில் இன்னொரு சாட்சி உண்டு. முட்டையிடத் தொடங்கியதும் உடம்பிலுள்ள மஞ்சள் நிறமி கருவுக்குப் போகிறது. முதலில் எச்சத் துளை ஓரம் வெளுக்கும், பிறகு கண் விளிம்பு, காது மடல், அலகு, கடைசியில் கால். கால் முழுவதும் வெளுக்க நாலைந்து மாதம் தொடர்ந்து இட்டிருக்க வேண்டும். நிறுத்தினால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பும், இன்னும் வேகமாக. ஓராண்டாகியும் பளிச்சென்ற மஞ்சள் காலோடு திரியும் பெட்டை பார்க்க அழகுதான்; முட்டை அதிகம் இட்டதில்லை என்று பொருள். கருங்கால் கோழியிலும் கடக்நாத்திலும் இந்த அடையாளம் செல்லாது, விரலைத்தான் நம்ப வேண்டும்.

ஒரே ஒருமுறை பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் எலும்பு இறுகி, கொண்டை வெளுத்து, இறகும் உதிரவில்லை, அடையும் இல்லை என்றால் அந்தக் கோழி ஓய்வுக்குப் போய்விட்டது. வயிறு தண்ணீர் கோத்ததுபோல் உப்பி, வாத்துபோல் நிமிர்ந்து நடந்தால் அது வயதல்ல, நோய். முட்டை வழி தவறி வயிற்றுக்குள் விழுந்து சீழ் வைப்பதும், சூலகத்தில் கட்டி வருவதும் இரண்டு மூன்று வயதுக் கோழிகளில் சாதாரணம். மனிதச் சூலகப் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் முட்டைக்கோழியை எடுத்துக்கொள்வதற்குக் காரணமே, அதற்கு அந்த நோய் தானாக வருவதுதான். அப்படிப்பட்ட கோழியை வைத்துச் சிரமப்படுத்துவது நியாயமில்லை, குழம்புக்கும் ஆகாது.

முட்டைக்காகவா, குஞ்சுக்காகவா

ஐதராபாத் ராஜேந்திரநகர் ஆய்வு மையம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, நமது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி போன்றவை புறக்கடைக்கென்றே வந்த இனங்கள். வனராஜா ஆண்டுக்கு நூறு முட்டைக்கு மேல் இடும், கிராமப்பிரியா 160ஐத் தாண்டும். இவை பெரும்பாலும் அடையில் உட்காருவதில்லை. இவற்றின் முட்டையைப் பொரித்தால் வரும் குஞ்சு தாயைப்போல் இடும் என்ற உறுதியும் இல்லை, கலப்பில் பிறந்த இனங்கள் ஆதலால். எனவே இவற்றுக்கு வேலை முட்டை மட்டும். இங்கே வயதுக் கணக்கு செல்லும்.

சிறுவிடை, பெருவிடை நாட்டுக்கோழிகளின் ஆண்டு வேறு மாதிரி. மூன்று வாரத்தில் 12 முதல் 15 முட்டை, பிறகு 21 நாள் அடை, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு அலைச்சல். ஒரு சுற்றுக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆகிவிடும், ஆண்டுக்கு மூன்று சுற்று. முட்டை எண்ணினால் 40, 50தான் வரும். வீரியக் கோழியோடு ஒப்பிட்டு இதை மட்டம் என்பவர்கள் அந்த மூன்று சுற்றில் வந்த குஞ்சுகளைக் கணக்கில் எழுதுவதில்லை. பத்துக் குஞ்சு இறக்கி, பருந்துக்கும் கீரிக்கும் காட்டுப் பூனைக்கும் தப்பவைத்து, ஏழெட்டை மூன்று மாதம் வரை கொண்டுவரும் தாய்க்கோழியின் மதிப்பு, அந்தக் குஞ்சுகளின் விலை. முட்டை சற்றுக் குறைந்தாலும் அடைக்குப் போதுமான பன்னிரண்டு முட்டை வந்துகொண்டிருக்கும்வரை அது வேலையில் இருக்கிறது. அனுபவமுள்ள தாய் மூன்றாவது நான்காவது ஆண்டிலும் குஞ்சைக் காக்கும். முதல் தடவை அடையில் உட்காரும் விடைதான் பாதியில் எழுந்து போகும், முட்டையை மிதித்து உடைக்கும்.

குஞ்சு பொரிப்பது குறைந்தால் கோழியைக் குற்றம் சொல்வதற்கு முன் சேவலைப் பாருங்கள். கூமுட்டை கூடுவதற்குப் பாதிக் காரணம் சேவல்தான். ஒரே சேவல் நான்கைந்து ஆண்டு இருந்தால் தன் மகள்களையும் பேத்திகளையும் மிதிக்கும். உயிர்ப்பு குறையும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும். எட்டு பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சேவலாக மாற்ற வேண்டும். பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். ஆகவே புதுச் சேவல் வந்து மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டையைத்தான் அடைவைக்க வேண்டும். பல வீடுகளில் பெட்டைகளை மாற்றுவதற்குப் பதிலாகச் சேவலை மாற்றியிருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.

தீனிக் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கணக்குக்காக ஒரு முட்டை 10 ரூபாய், ஒரு கிலோ தீனி 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூண்டிலோ மொட்டைமாடியிலோ அடைத்து வளர்க்கும் கிராமப்பிரியா நாளுக்கு 110 கிராம் தின்றால் ஆண்டுக்கு 40 கிலோ, 1,200 ரூபாய். முதல் ஆண்டு 160 முட்டைக்கு 1,600 ரூபாய். இரண்டாம் ஆண்டு 128, அதாவது 1,280 ரூபாய். ஏறக்குறைய சரிக்குச் சரி. மூன்றாம் ஆண்டு 104 முட்டை, 1,040 ரூபாய், நஷ்டம். அடைத்து வளர்ப்பவர் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கோழியை மாற்றுவது சரியான முடிவு.

அதே கோழி கொல்லையில் மேய்ந்து, மாலையில் ஒரு பிடி கம்பும் தவிடும் மட்டும் தின்றால் நாளுக்கு 40 கிராம், ஆண்டுக்கு 15 கிலோ, 450 ரூபாய். 60 முட்டை இட்டாலும் லாபம். மேய்ச்சல் இருக்கும் வீட்டில் நான்காம் ஆண்டுக் கோழியும் தன் செலவைத் தானே சம்பாதிக்கும். கோழியின் ஓய்வு வயதைத் தீர்மானிப்பது கோழி மட்டும் அல்ல, உங்கள் வேலி எவ்வளவு அகலம் என்பதும்தான்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. கொல்லையில் கிடைக்கும் புழு, கரையான், சிந்திய தானியம், அடுப்படிக் கழிவு எல்லாம் அளவானவை. பத்துக் கோழிக்குப் போதுமான கொல்லையில் பதினாறு மேய்ந்தால் எல்லாக் கோழியின் முட்டையும் குறையும், குஞ்சுகள் வாடும். முட்டையும் இடாமல், அடையிலும் உட்காராமல் இருக்கும் கோழி அங்கே குஞ்சின் பங்கைத் தின்கிறது. நாட்டுக்கோழியில் கழிக்க வேண்டியவை இவைதான், அவற்றின் வயது ஒன்றரையாக இருந்தாலும்.

மாற்றும் முறை

மொத்தமாக விற்றுவிட்டு மொத்தமாக வாங்குவது பண்ணைக்குச் சரி. அங்கே கொட்டகையைக் கழுவிக் காயவைக்க அது உதவுகிறது. வீட்டில் அப்படிச் செய்தால் ஐந்தாறு மாதம் முட்டை இருக்காது, அடைக்கோழியும் இருக்காது. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவது நல்லது. ஒன்பது பெட்டை இருந்தால் மூன்று. மழைக்குப் பின்னர் தொடங்கி தை மாசிக்குள் இறக்கும் குஞ்சுகள் அடுத்த ஆடிக்குள் விடையாகிவிடும். அந்த விடைகள் முட்டையிட ஆரம்பித்த பிறகு பழையவற்றில் எது போகட்டும் என்று பாருங்கள். கையில் இருப்பதை முதலில் கொடுத்துவிட்டு வருவதற்குக் காத்திருக்க வேண்டாம். விடை வைப்பதற்குச் சந்தையில் வாங்குவதைவிட, மூன்று ஆண்டு தாக்குப்பிடித்த தாயின் முட்டையிலிருந்து எடுப்பது மேல். நீண்ட நாள் நோயில்லாமல் இருந்ததே ஒரு தகுதிச் சான்று.

வெளியிலிருந்து வாங்கினால் மூன்று வாரமாவது தனியாக, பழைய கோழிகளின் தண்ணீரும் எச்சமும் படாமல் வைத்திருக்க வேண்டும். கிராமங்களில் கோழி மாற்றும் முடிவைப் பெரும்பாலும் நாம் எடுப்பதில்லை, வெள்ளைக்கழிச்சல் எனும் கோழிக்கழிச்சல் நோய் எடுக்கிறது. பனி முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் அது வந்தால் இரண்டு வாரத்தில் ஊரே காலி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் இதற்காகத்தான். வயதான கோழிக்கு எதற்கு ஊசி என்று விட்டுவிடுவோர் உண்டு. தடுப்பூசி போட்ட தாயின் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு முதல் சில வாரம் போய்ச் சேர்கிறது. தாயை விட்டுவிட்டால் குஞ்சும் வெறுங்கையோடு பிறக்கும்.

பட்டினி போட்டு இறகை உதிரவைத்து இரண்டாவது முறை முட்டை எடுக்கும் பண்ணை வித்தையை வீட்டில் யாரும் முயலவேண்டாம். அது கொடுமை. பத்துக் கோழிக்கு அதனால் வரும் லாபமும் ஒன்றுமில்லை.

கழித்த கோழியை என்ன செய்வது என்பது அவரவர் வீட்டு விஷயம். வயது ஏற ஏறத் தசையைக் கட்டியிருக்கும் நார் இறுகுவதால் கறி வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். மிளகு ரசத்துக்கும் சாற்றுக்கும் அதுவே சுவை. புழு மருந்தோ வேறு மருந்தோ கொடுத்திருந்தால், மருத்துவர் சொல்லும் இடைவெளி முடியும்வரை அறுக்கவும் விற்கவும் வேண்டாம். முட்டை நின்ற பிறகும் கோழியைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சலும் மனமும் இருந்தால் அதில் தவறு காண எனக்கு எதுவும் இல்லை. குஞ்சுகளின் பங்கு குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இத்தனைக்கும் அடிப்படையாக ஒன்று வேண்டும்: எந்தக் கோழி எந்த ஆண்டில் பொரித்தது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தெரியாது. நிறம் வைத்து நினைவில் வைத்திருப்பார்கள், மூன்றாவது ஆண்டில் செவலைகள் எல்லாம் ஒன்றாகிவிடும். இந்த ஆண்டு வந்த விடைகளின் காலில் ஒரு நிற பிளாஸ்டிக் வளையம் மாட்டுங்கள், அடுத்த ஆண்டுக்கு வேறு நிறம். கால் தடிக்கும்போது இறுகாமல் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காலண்டரில், அந்தக் கோழி அடையில் உட்கார்ந்த நாளையும் இறங்கிய குஞ்சுகளின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை வியாபாரி வாசலில் வந்து நின்றால் எந்தக் கோழியைக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.